எந்தக் கண்டத்தின் அணி?

2005 நவம்பர் 16 அன்று இரவு சிட்னி ஒலிம்பிக் மைதானத்தில் எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கூடியிருந்தார்கள். நான்கு நாள் முன்பு மொண்டேவீடியோவில் நடந்த முதல் ஆட்டத்தை உருகுவே 1-0 என வென்றிருந்தது. சிட்னியில் மார்க் பிரெசியானோ அடித்த கோல் கணக்கைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்திலும் முடிவு தெரியவில்லை. பெனால்டி ஷூட்-அவுட்டில் கோல்கீப்பர் மார்க் ஷ்வார்சர் இரண்டு பந்துகளைத் தடுத்தார். ஜான் அலோய்சி உதைத்த பந்து வலைக்குள் போனதும் அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு மைதானத்தின் ஓரமாக ஓட, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. 1974-க்குப் பிறகு முதல்முறையாக ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்குப் போகிறது.

ஓசியானியாவின் சாம்பியன் என்ற தகுதியில்தான் ஆஸ்திரேலியா அந்த ஆட்டத்தை ஆடியது. ஆனால் ஓசியானியாவை விட்டு விலகும் முடிவு அதற்குள் உறுதியாகிவிட்டது. ஆசியக் கூட்டமைப்பு அழைத்தாயிற்று, ஃபிஃபாவும் ஒப்புதல் தந்தாயிற்று. ஆறு வாரம் கழித்து, 2006 ஜனவரி 1 அன்று, அது ஆசியாவின் உறுப்பினரானது. எந்த வழியாக உலகக் கோப்பைக்குப் போனதோ, அந்த வழியையே ஒரு நாடு ஏன் விட்டுப் போக வேண்டும்?

உலகக் கால்பந்தின் அடிப்படைக் கட்டமைப்பே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஃபிஃபாவில் 211 உறுப்பினர்கள். அவர்கள் ஆறு கண்டக் கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் யூஃபாவில் 55 நாடுகள், ஆப்பிரிக்காவில் 54, ஆசியாவின் ஏ.எஃப்.சி.யில் 46, வட, மத்திய அமெரிக்காவையும் கரீபியனையும் சேர்த்த கான்காகாஃபில் 35, ஓசியானியாவில் 11, தென் அமெரிக்காவின் கான்மெபாலில் வெறும் 10. உலகக் கோப்பை நடப்பது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. மற்ற காலமெல்லாம் ஒரு தேசிய அணி யாரோடு மோதும், எவ்வளவு தூரம் பயணிக்கும், அதன் கிளப்புகள் எந்தக் கோப்பையில் ஆடும், பதினேழு வயதுப் பையன்களும் பெண்கள் அணியும் எந்த எதிரிகளைப் பார்த்து வளர்வார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்தக் கூட்டமைப்புதான்.

விதிப்படி ஒரு நாடு நினைத்த மாத்திரத்தில் கூட்டமைப்பு மாற முடியாது. நிலவியல்படி ஒரு கண்டத்தைச் சேர்ந்த சங்கத்தை வேறொரு கண்டத்தின் கூட்டமைப்பு சேர்த்துக்கொள்ள, விதிவிலக்கான சூழ்நிலைகளில் ஃபிஃபா அனுமதிக்கலாம். அதற்கு முன் சம்பந்தப்பட்ட கண்டக் கூட்டமைப்பின் கருத்தைக் கேட்க வேண்டும். எது விதிவிலக்கான சூழ்நிலை என்பதற்கு வரையறை எதுவும் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் கடந்த எழுபது ஆண்டுகளின் இடமாற்றங்கள் எல்லாம் நடந்திருக்கின்றன.

அவற்றில் மிக நீண்டதும் மிகக் கசப்பானதும் இஸ்ரேலுடையது.

1954-இல் ஏ.எஃப்.சி. தொடங்கிய காலத்திலேயே இஸ்ரேல் அதில் சேர்ந்தது. முதல் இரண்டு ஆசியக் கோப்பைகளிலும், 1956-இலும் 1960-இலும், இரண்டாம் இடம். 1964-இல் போட்டியைத் தன் நாட்டிலேயே நடத்திக் கோப்பையை வென்றது. பல நாடுகள் விலகிக்கொண்ட அந்தத் தொடரில் ஆடியவை நான்கே அணிகள். தென் கொரியாவையும் ஹாங்காங்கையும் தோற்கடித்து, இஸ்ரேலிடம் மட்டும் 0-2 எனத் தோற்று இரண்டாம் இடம் பிடித்தது இந்தியா. ஆசியக் கோப்பையில் இந்தியாவின் மிகச் சிறந்த இடம் இன்றுவரை அதுதான்.

ஆனால் ஆசியாவுக்குள் இஸ்ரேலோடு ஆட மறுக்கும் நாடுகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. 1958 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இது உச்சத்தைத் தொட்டது. துருக்கி, இந்தோனேசியா, சூடான் என எதிரணிகள் ஒவ்வொன்றாக விலக, இஸ்ரேல் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் சுவீடனுக்குத் தகுதி பெறும் நிலை வந்தது. பந்தைத் தொடாமலே ஓர் அணி உலகக் கோப்பைக்கு வருவதை ஃபிஃபா ஏற்கவில்லை. மற்றக் குழுக்களில் இரண்டாம் இடம் பெற்ற அணிகளின் பெயர்களை வைத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். வாய்ப்பு கடைசியில் வேல்ஸுக்கு வந்து சேர்ந்தது. செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் பின்னால் முடித்து, கதை முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருந்த அணி அது. 1958 தொடக்கத்தில் ரமத் கானிலும் கார்டிஃபிலும் இரண்டு ஆட்டங்களையும் 2-0, 2-0 என வென்று வேல்ஸ் சுவீடன் போனது. கால் இறுதியில் பதினேழு வயது பெலே அடித்த ஒற்றைக் கோலில் பிரேசிலிடம் தோற்றது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய ஒரே இடம் இப்படியாக ஓர் ஐரோப்பிய அணிக்குப் போய்ச் சேர்ந்தது. அரசியல் மறுப்பின் விலையை அந்த இரண்டு கண்டங்களும் சேர்ந்தே கொடுத்தன.

1970-இல் இஸ்ரேல் ஆடியே தகுதி பெற்றது. வட கொரியா மோத மறுத்து விலகிய பிறகு, நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் வென்று மெக்சிகோ போனது. சுவீடனுக்கு எதிராக மொர்தெகாய் ஷ்பீக்லர் அடித்த கோல்தான் உலகக் கோப்பை வரலாற்றில் இஸ்ரேல் அடித்த ஒரே கோல். நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் குவைத்தும் வட கொரியாவும் இஸ்ரேலோடு ஆட மறுத்தன. அதே ஆண்டு, குவைத் கொண்டுவந்த தீர்மானத்தின்மேல் ஏ.எஃப்.சி.யில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 17, எதிர்ப்பு 13, நடுநிலை 6. ஆசியப் போட்டிகளின் கதவு இஸ்ரேலுக்கு மூடப்பட்டது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகப் பார்த்தாலே போதும். 1982 தகுதிச்சுற்றில் இஸ்ரேல் ஐரோப்பியக் குழு ஒன்றில் ஆடி, போர்ச்சுகலை 4-1 என வீழ்த்தியது. 1986-இல் ஓசியானியாவில். 1990-இலும் ஓசியானியாவில், ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் பின்தள்ளி முதலிடம் பிடித்து, கொலம்பியாவோடு பிளே-ஆஃபுக்குப் போனது. பாரன்கியாவில் 0-1, ரமத் கானில் 0-0. மத்தியதரைக் கடலோர நாடு ஒன்று, பசிபிக் தீவுகளின் பெயரில், தென் அமெரிக்க நாட்டோடு மோதி, ஒரே கோலில் இத்தாலி உலகக் கோப்பையை இழந்தது. இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்கள் நிலையான எதிரிகளே இல்லாமல் ஆடி ஓய்ந்தார்கள். அடுத்த குழு எந்தக் கண்டத்தில் என்பதே தெரியாத ஓர் அணி எப்படித் திட்டமிட முடியும்? எந்த எதிரியின் ஆட்டமுறைக்குத் தயாராக முடியும்?

1992-இல் யூஃபாவின் இணை உறுப்பினர், 1994-இல் முழு உறுப்பினர் என்று அந்த அலைச்சல் முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட 1993 அக்டோபரில் பாரிஸில் நடந்த ஆட்டத்தை பிரான்ஸ் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். குழுவின் கடைசி இடத்தில் இருந்த இஸ்ரேல், கடைசிப் பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்து 3-2 என வென்றது. அடுத்த மாதம் பல்கேரியாவிடமும் தோற்ற பிரான்ஸ், 1994 உலகக் கோப்பையை இழந்தது. ஆனால் இஸ்ரேல் ஐரோப்பா வழியாக உலகக் கோப்பைக்கும் போனதில்லை, யூரோவுக்கும் போனதில்லை. 2006 தகுதிச்சுற்றில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, அயர்லாந்து இருந்த குழுவில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், சுவிட்சர்லாந்துக்குச் சமமான புள்ளிகளோடு, கோல் வித்தியாசத்தில் மூன்றாமிடம் ஆனதுதான் மிக நெருங்கி வந்த தருணம். கூட்டமைப்பு மாறினாலும் அரசியல் விட்டுவிடவில்லை. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு இஸ்ரேல் தன் 'சொந்த மண்' ஆட்டங்களை ஹங்கேரியில் ஆடி வருகிறது.

இஸ்ரேலை வெளியே தள்ளியது நேரடி அரசியல். மற்ற நாடுகள் பலவற்றைத் தள்ளியது இடப்பங்கீடு. அதாவது, எந்தக் கண்டத்துக்கு உலகக் கோப்பையில் எத்தனை இடம் என்று ஃபிஃபா போடும் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு அநியாயமாக இருந்தது என்பதற்கு 1966 போதும். மொத்தம் 16 இடங்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஆப்பிரிக்காவின் வெற்றியாளர் மற்றவர்களின் வெற்றியாளரோடு மோதித்தான் போக வேண்டும். கானாவின் அதிபர் குவாமே நிக்ருமாவின் ஆதரவோடு, அந்நாட்டுக் கால்பந்து நிர்வாகி ஒஹேனே ஜான் முன்னின்று எழுப்பிய எதிர்ப்பில் 15 ஆப்பிரிக்க அணிகள் தகுதிச்சுற்றையே புறக்கணித்தன.

அந்தப் புறக்கணிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறவெறிக் கொள்கையால் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு ஒதுக்கிய தென் ஆப்பிரிக்காவை, ஃபிஃபா ஆசிய-ஓசியானியக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1957 ஆப்பிரிக்கக் கோப்பைக்கே வெள்ளையர் அணி அல்லது கறுப்பர் அணி என ஒன்றைத்தான் அனுப்புவோம் என்று பிடிவாதம் பிடித்து வெளியேறிய சங்கம் அது. கண்டம் மாற்றுவதை ஒரு பின்வாசலாக ஃபிஃபாவே திறந்துவிட்ட தருணம் இது. கால்பந்து நிர்வாகத்தின் வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பக்கங்களில் ஒன்று. தென் ஆப்பிரிக்கா கடைசியில் இடைநீக்கம் செய்யப்பட்டது. தென் கொரியாவும் விலகியது. வட கொரியாவும் ஆஸ்திரேலியாவும் மட்டும் நடுநிலை மண்ணான நோம் பென்னில் 1965 நவம்பரில் மோதின. 6-1, 3-1. அந்த வட கொரியாதான் மறு ஆண்டு மிடில்ஸ்பரோவில் இத்தாலியை 1-0 என வீட்டுக்கு அனுப்பியது. 1970 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கு ஒரு நேரடி இடம் கிடைத்தது. புறக்கணிப்பு இல்லாமல் அது அப்போது கிடைத்திருக்காது.

நோம் பென்னில் தோற்ற ஆஸ்திரேலியாவின் கதை வேறு. ஆசியாவுக்குள் நுழைய அது தொடக்கத்திலேயே முயன்றது, ஆசியா ஏற்கவில்லை. 1966-இல் நியூசிலாந்தோடும் தீவு நாடுகளோடும் சேர்ந்து ஓசியானியக் கூட்டமைப்பை உருவாக்கியது. 1972-இல் அதிலிருந்து விலகி மீண்டும் ஆசியாவை நாடியது. அதுவும் பலிக்காமல் 1978-இல் திரும்பி வந்தது. ஓசியானியாவில் அதற்கு வெற்றிக்குப் பஞ்சமில்லை. சரியான ஆட்டம்தான் கிடைக்கவில்லை.

2001-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் காஃப்ஸ் ஹார்பர் என்ற கடலோர ஊரில் தகுதிச்சுற்று. டோங்காவுக்கு எதிராக 22-0. இரண்டு நாள் கழித்து அமெரிக்கன் சமோவாவுக்கு எதிராக 31-0. ஆர்ச்சி தாம்சன் மட்டும் 13 கோல், டேவிட் ஸ்ட்ரிலிச் 8. ஸ்கோர் பலகையே எண்ணிக்கை தவறி 32 என்று காட்டியது. பாஸ்போர்ட் சிக்கலால் அமெரிக்கன் சமோவாவின் வழக்கமான ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வர முடியவில்லை. பள்ளிக்கூடப் பையன்களைச் சேர்த்து ஒப்பேற்றிய அணி அது. அனுபவம் உள்ள கோல்கீப்பர் நிக்கி சலாப்பு ஒருவர் மட்டும் பந்து மேல் பந்தாகத் தடுத்துக்கொண்டே இருந்தார். அவர் இல்லாவிட்டால் எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கும். நான்கு ஆட்டங்களில் ஆஸ்திரேலியா 66 கோல் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் அதே ஆஸ்திரேலியா, கண்டங்களின் சாம்பியன்கள் மோதிய கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் உலகச் சாம்பியன் பிரான்ஸையும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலையும் தலா 1-0 என வென்றது. நவம்பரில் உருகுவேயோடு பிளே-ஆஃப். மெல்போர்னில் 1-0 வெற்றி. மொண்டேவீடியோவில் 0-3 தோல்வி. உலகின் சிறந்த அணிகளை வீழ்த்தத் தெரிந்த ஓர் அணி, ஒரே வாரத்தில் நடக்கும் இரண்டு ஆட்டங்களில் நான்காண்டு உழைப்பையும் பணயம் வைக்க வேண்டியிருந்தது. முப்பது கோல் அடித்துப் பழகிய கால்களுக்கு உருகுவேயின் தடுப்பாட்டத்தை எதிர்கொள்ள ஒத்திகையே கிடையாது.

நான்காண்டு முன்பு இதைவிட மோசமாக நடந்தது. 1997 நவம்பர் 29, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம், சுமார் 85,000 பேர். டெஹ்ரானில் 1-1 டிரா செய்துவிட்டு வந்த ஆஸ்திரேலியா, ஹாரி கியூவெல், ஆரேலியோ விட்மர் கோல்களால் ஈரானை 2-0 என முந்தியது. உள்ளே புகுந்த ஒருவர் ஈரானின் கோல் வலையைக் கிழித்துவிட, ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. மீண்டும் தொடங்கிய பிறகு ஆட்டத்தின் போக்கே மாறிவிட்டது. 75-ஆவது நிமிடத்துக்குப் பக்கத்தில் கரீம் பாகேரி ஒன்று, நான்கு நிமிடம் கழித்து கோதாதாத் அசீசி ஒன்று. 2-2. வெளிமண் கோல் கணக்கில் ஈரான் பிரான்ஸுக்குப் போனது. அந்தத் தகுதிச்சுற்று முழுவதிலும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஆஸ்திரேலியா வீட்டில் உட்கார்ந்தது.

பொறுமையை உடைத்தது ஃபிஃபாவேதான். 2006 உலகக் கோப்பைக்கு ஓசியானியாவுக்கு ஒரு நேரடி இடம் உண்டு என்று 2002 டிசம்பரில் அறிவித்தது. ஆறே மாதத்தில், 2003 ஜூனில், அந்த வாக்குறுதியைத் திரும்பப் பெற்றது. அந்த முடிவுக்குப் பிறகு ஓசியானியாவில் காத்திருக்க ஆஸ்திரேலியாவுக்கு எந்தக் காரணமும் மிஞ்சவில்லை. புதிதாக அமைந்த நிர்வாகத்தின் தலைவர் ஃபிராங்க் லோவி ஆசியாவோடு பேச்சைத் தொடங்கினார். இம்முறை ஆசியா வரவேற்றது.

மாற்றத்தின் பலனை உலகக் கோப்பை எண்ணிக்கையில் மட்டும் அளப்பது தவறு. 2006 தொடங்கி 2026 வரை ஆறு முறை தொடர்ந்து ஆஸ்திரேலியா தகுதி பெற்றிருப்பது உண்மைதான். ஆனால் அது எளிதாக வந்ததல்ல. 2007-இல் முதல் ஆசியக் கோப்பையிலேயே ஓமனோடு டிரா, ஈராக்கிடம் 1-3 தோல்வி, கால் இறுதியில் ஜப்பானிடம் பெனால்டியில் வெளியேற்றம். 2018-க்குப் போக சிரியாவையும் ஹோண்டுராஸையும் தாண்ட வேண்டியிருந்தது. 2022-க்குப் போக ஐக்கிய அரபு அமீரகம், பெரு. ஆசியா தந்தது சுலபமான வழியை அல்ல. வெயிலிலும் ஈரத்திலும், பத்து மணிநேர விமானப் பயணத்துக்குப் பிறகும், தன் பலவீனங்களைக் காட்டிக்கொடுக்கும் எதிரிகளோடு மாதத்துக்கு மாதம் ஆடும் பழக்கத்தைத் தந்தது. 2015-இல் தென் கொரியாவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்று ஆசியக் கோப்பையை எடுத்தது அந்தப் பழக்கத்தின் விளைச்சல். கிளப்புகளுக்கும் பெண்கள் அணிக்கும்கூட வாசல் திறந்தது. 2010-இல் பெண்கள் ஆசியக் கோப்பை. 2014-இல் வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்.

இந்திய ரசிகர்களுக்கும் இந்த மாற்றம் நேரடியாகத் தெரிந்தது. 2011-இல் தோஹாவில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 0-4 எனத் தோற்றது. 2024 ஜனவரியில் கத்தாரிலேயே மீண்டும் மோதியபோது இடைவேளை வரை கோல் விடாமல் தாக்குப்பிடித்து 0-2 எனத் தோற்றது. ஆஸ்திரேலியா வந்ததால் ஆசியாவின் மேல்தட்டு இன்னும் உயர்ந்துவிட்டது. கீழே இருப்பவர்களுக்கு ஏற வேண்டிய படிகள் கூடிவிட்டன. நான்கரை இடங்களே இருந்த காலத்தில் அதில் ஒன்றைப் புதியவர் எடுத்துக்கொள்வது மேற்காசியாவில் பலரை உறுத்தியது. 2015 வெற்றியை ஒட்டி ஆஸ்திரேலியாவை வெளியேற்ற வேண்டும் என்ற பேச்சு அங்கே வெளிப்படையாகவே எழுந்தது. 2026-இல் ஆசியாவுக்கு எட்டு நேரடி இடம் ஆன பிறகு அந்தப் புகாரின் கூர்மை குறைந்திருக்கிறது.

சரி, விட்டுவிட்டுப் போன இடத்தில் என்ன ஆனது?

நியூசிலாந்து தனியாக நின்றது. நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு பிளே-ஆஃப். 2009-இல் வெலிங்டனில் ரோரி ஃபாலன் தலையால் முட்டிய கோலும், மார்க் பாஸ்டன் தடுத்த பெனால்டியும் பஹ்ரைனை வீழ்த்தின. தென் ஆப்பிரிக்கா உலகக் கோப்பையில் ஸ்லோவாகியா, இத்தாலி, பராகுவே மூன்றோடும் டிரா செய்து, அந்தத் தொடரில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஒரே அணி என்ற பெயரோடு நியூசிலாந்து திரும்பியது. சாம்பியன் ஸ்பெயின்கூட அதில் ஒரு ஆட்டம் தோற்றது. அதன் பிறகு மெக்சிகோ, பெரு, கோஸ்டாரிகா என மூன்று பிளே-ஆஃப்களிலும் கதவு மூடியது. மெக்சிகோவிடம் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 3-9.

தீவு நாடுகளுக்கோ ஆஸ்திரேலியாவின் விலகல் ஒரு ஜன்னலைத் திறந்தது. இந்தப் பக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 2012 ஓசியானியக் கோப்பை அரையிறுதியில் நியூ கலிடோனியா நியூசிலாந்தை 2-0 என வென்றது. இறுதியில் தாஹிட்டி கோப்பையை வென்றது. அமெச்சூர் ஆட்டக்காரர்கள் நிறைந்த அந்தத் தாஹிட்டி 2013 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் மரக்கானா மைதானத்தில் ஸ்பெயினோடு ஆடியது. 0-10 என்பது ஸ்கோர். ஆனால் நைஜீரியாவுக்கு எதிராக ஜொனாதன் தெஹாவ் தலையால் முட்டி அடித்த ஒரு கோலைப் பிரேசில் மக்கள் தங்கள் அணியின் கோலைப் போலக் கொண்டாடினார்கள். ஆஸ்திரேலியா ஓசியானியாவிலேயே இருந்திருந்தால் தாஹிட்டிக்கு அந்த மேடை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2026-இல் உலகக் கோப்பை 48 அணிகளாக விரிந்தபோது ஓசியானியாவுக்கு ஒரு நேரடி இடம் கிடைத்தது. 2003-இல் பறித்ததை ஃபிஃபா திருப்பித் தர இருபதாண்டுகளுக்கு மேல் ஆனது. 2025 மார்ச் 24 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நியூ கலிடோனியாவை 3-0 என வென்று நியூசிலாந்து தகுதி பெற்றது. நியூ கலிடோனியாவும் கண்டங்களுக்கிடையேயான பிளே-ஆஃபுக்குப் போனது. ஆஸ்திரேலியாவைப் போல ஆசியாவுக்குப் போக நியூசிலாந்துக்கு இனி எந்த அவசரமும் இல்லை. ஆனால் அரையிறுதியில் ஃபிஜியை 7-0 என வென்ற அணிக்கு அங்கே என்ன பயிற்சி கிடைத்திருக்கும்? அதன் தொழில்முறைக் கிளப்புகளான வெலிங்டன் ஃபீனிக்ஸும் ஆக்லாந்து எஃப்.சி.யும் ஆஸ்திரேலிய லீக்கில் ஆடுகின்றன. அங்கே முதலிடம் பிடித்தாலும் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் ஆட முடியாது. உலகக் கோப்பைக்கு வழி உண்டு, அதற்குத் தேவையான அன்றாட ஆட்டம் இல்லை என்பதே இன்றைய நியூசிலாந்தின் நிலை.

இதற்கு நேர்மாறான கதை கஜகஸ்தானுடையது. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு மத்திய ஆசியாவின் ஐந்து குடியரசுகளும் ஏ.எஃப்.சி.யில் சேர்ந்தன. 1998 தகுதிச்சுற்றில் ஜப்பான், தென் கொரியா, அமீரகம், உஸ்பெகிஸ்தான் ஆகியவற்றோடு கடைசிச் சுற்றுக் குழுவில் கஜகஸ்தானும் இருந்தது. அல்மாட்டியில் ஜப்பானோடு அது செய்த 1-1 டிரா, ஜப்பானின் பயிற்சியாளர் ஷூ காமோவின் பதவியைப் பறித்தது. அதாவது, ஆசியாவில் அது தலைகாட்ட முடிந்த அணிதான். இருந்தும், யூரல் ஆற்றுக்கு மேற்கே தன் நிலத்தின் ஒரு பகுதி ஐரோப்பாவில் இருப்பதை முன்வைத்து 2002-இல் யூஃபாவுக்கு மாறியது. 2006 உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்றில் 12 ஆட்டங்களில் பெற்றது ஒரே ஒரு புள்ளி.

நீண்ட பொறுமைக்குப் பிறகு பலன் தெரியத் தொடங்கியது. 2015-இல் அஸ்தானா கிளப் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குள் நுழைந்தது. 2023 மார்ச்சில் அஸ்தானாவின் செயற்கைப் புல் மைதானத்தில் டென்மார்க்கிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த தேசிய அணி, கடைசி இருபது நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்து வென்றது. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்லோவேனியாவை வென்றிருந்தால் யூரோவுக்கே நேரடியாகப் போயிருக்கும். 1-2 எனத் தோற்றது. 2025-இல் அல்மாட்டியின் கைராத் கிளப், செல்டிக்கைப் பெனால்டியில் வென்று சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. சீன எல்லைக்கு அருகில் இருக்கும் அந்த நகரத்துக்கு ரியல் மாட்ரிட் விமானம் ஏறி வந்து ஆடியது. ஆசியாவில் இருந்திருந்தால் கைராத்துக்கு இப்படி ஒரு இரவு வாய்த்திருக்காது.

ஆனால் அதே 2025 ஜூன் 5 அன்று அபுதாபியில் அமீரகத்தோடு 0-0 டிரா செய்து, பக்கத்து நாடான உஸ்பெகிஸ்தான் தன் முதல் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆசியாவை விட்டு நகராத உஸ்பெகிஸ்தான் பட்ட துயரங்கள் கொஞ்சமல்ல. 2005-இல் பஹ்ரைனை 1-0 என வென்றிருந்தபோது, அது பெற்ற ஒரு பெனால்டியில் ரெஃப்ரி விதியைத் தவறாகப் பயன்படுத்தினார். உஸ்பெக் ஆட்டக்காரர் முன்கூட்டியே பெட்டிக்குள் நுழைந்ததால் பெனால்டியை மறுபடி உதைக்கச் சொல்வதற்குப் பதில், பஹ்ரைனுக்கு ஃப்ரீ-கிக் கொடுத்துவிட்டார். ஃபிஃபா முழு ஆட்டத்தையும் மறுபடி நடத்தச் சொன்னது. முடிவு 1-1, அடுத்த ஆட்டம் 0-0, வெளிமண் கோலில் பஹ்ரைன் முன்னேறியது. தவறால் பாதிக்கப்பட்ட அணியே தன் வெற்றியையும் இழந்தது. 2013-இல் தாஷ்கண்டில் ஜோர்டானிடம் பெனால்டியில் 8-9. அதற்குப் பிறகு அந்த நாடு இளையோர் கால்பந்தில் கவனம் வைத்தது. 2023-இல் இருபது வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பை, 2025-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் கோப்பை, மான்செஸ்டர் சிட்டிக்கு அப்துகோதிர் குசானோவ்.

கஜகஸ்தான் தவறு செய்துவிட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். எட்டு இடங்கள் இருக்கும் ஆசியாவை 2002-இல் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் உஸ்பெகிஸ்தானின் உயர்வை ஆசியாவின் இடங்கள் கூடியதால் மட்டும் வந்தது என்று ஒதுக்குவதும் நியாயமல்ல. ஓரிடத்தில் நிலையாக நின்று, ஒரே எதிரிகளோடு இருபதாண்டு மோதி, இளையோர் அணிகளுக்குக் கோப்பை வெல்லும் பழக்கத்தை உண்டாக்கியது அந்த நாடு.

வரைபடத்தை மீறி வேறு கூட்டமைப்பில் இருப்பதாலேயே பயனடைந்தவர்களும் உண்டு. தென் அமெரிக்க நிலப்பரப்பில் இருக்கும் கயானாவும் சூரினாமும் கான்காகாஃபில் ஆடுகின்றன. கான்மெபாலில் இருந்திருந்தால் பிரேசிலும் அர்ஜென்டினாவும் வாசலிலேயே நிற்கும். 2026 தகுதிச்சுற்றில் சூரினாம் கடைசி நாள் வரை நேரடி இடத்துக்குப் போராடி, குவாத்தமாலாவில் 1-3 எனத் தோற்றுப் பிளே-ஆஃபுக்கு இறங்கியது. வெனிசுலா கரைக்கு அருகில், சுமார் ஒன்றரை லட்சம் மக்களைக் கொண்ட குராசாவோ, கிங்ஸ்டனில் ஜமைக்காவோடு 0-0 டிரா செய்து உலகக் கோப்பைக்குப் போகும் மிகச் சிறிய நாடு ஆனது.

அரசியல் காரணத்துக்காகக் கண்டம் மாறும் எண்ணமும் இன்னும் சாகவில்லை. 1970களின் நடுவிலிருந்து 1989 வரை தைவான் ஓசியானியாவில் ஆடியது, ஆசியாவில் சீனா இடம்பிடித்ததன் விளைவு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு ஃபிஃபாவும் யூஃபாவும் இடைநீக்கம் செய்த ரஷ்யா, அந்த ஆண்டு டிசம்பரில் ஆசியாவுக்கு மாறுவது பற்றி வெளிப்படையாக விவாதித்தது. கடைசியில் யூஃபாவிலேயே இருந்து பேசிப் பார்ப்பது என்று முடிவெடுத்தது. ரஷ்யாவின் நிலத்தில் பெரும்பகுதி ஆசியாவில்தான் இருக்கிறது. கஜகஸ்தான் சொன்ன நிலவியல் வாதத்தைத் திருப்பிப் போட்டு ரஷ்யாவும் சொல்லலாம். நிலவியலை மட்டும் பார்த்து ஃபிஃபா அதை அனுமதித்தால், தண்டனை என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும். 1966 தகுதிச்சுற்றில் தென் ஆப்பிரிக்காவுக்குத் திறந்த பின்வாசல் இன்னொருவருக்குத் திறக்கக் கூடாது. 'விதிவிலக்கான சூழ்நிலை' என்பதை ஃபிஃபா எழுத்தில் வரையறுக்க வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது. ஓர் அணிக்கு அதன் கண்டத்தில் ஆட்டமே கிடைக்காமல் போயிருக்கிறதா, வந்து சேரும் கண்டத்தின் சிறிய நாடுகள் எத்தனை இடத்தை இழக்கும், கேட்பவர் தண்டனையிலிருந்து தப்பிக்கக் கேட்கிறாரா என்ற மூன்றையாவது அந்த வரையறை கேட்க வேண்டும்.

அப்படி ஒரு வரையறை இல்லாததன் சுமையைச் சுமப்பவை பெரிய நாடுகளல்ல. கிரீன்லாந்தைப் பாருங்கள். டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான அது யூஃபாவில் சேர முடியாது; உலக நாடுகளில் பெரும்பான்மை அங்கீகரித்த சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விதி வருமுன்பே சேர்ந்துவிட்ட ஃபேரோ தீவுகள், அதே டென்மார்க் அரசின்கீழ் இருந்துகொண்டு, ஐரோப்பிய அணிகளோடு ஒவ்வோர் ஆண்டும் ஆடுகின்றன. கிரீன்லாந்து 2024 மே மாதம் கான்காகாஃபிடம் விண்ணப்பித்தது. நிலவியல்படி அது வட அமெரிக்காவைச் சேர்ந்ததுதான். 2025 ஜூனில் கான்காகாஃப் உறுப்பினர்கள் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். சர்வதேசக் கால்பந்து ஆட நினைக்கும் கிரீன்லாந்துப் பெண்ணுக்கும் பையனுக்கும் இப்போதைக்கு இருக்கும் ஒரே தேசிய அணி டென்மார்க்குடையது.